போன செவ்வாய் அடித்த நெடி

செப்டம்பர் 2, செவ்வாய்

புழுக்கம். மழை வரும்போல் இருந்து வராமல் போனது. மீஞ்சூரில் வண்டி பத்து நிமிடம் லேட். கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ, பிறகு சிப்காட்டுக்குள் கால் மணி நேர நடை. துப்பட்டா முழுக்க லாரிப் புழுதி.

மூன்றாவது வகுப்பு. இறால் பதப்படுத்தும் கம்பெனியின் கேன்டீன். மேசை துடைத்த ஈரம் காயும் முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். 2.30 முதல் 3.30. ஒன்பது பேர். எட்டுப் பெண்கள், ஓர் ஆண். 19ஆம் தேதி, இங்கிருந்து இறால் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் ஒரு பெண் ஆடிட்டர் வருகிறார். தொழிலாளர்களிடம் தானே நேரில் பேசுவாராம். அதற்காக இங்கிலீஷ். அதற்காக நான். எம்.ஏ. முடித்து இரண்டு வருடம் கழித்து வந்த முதல் வேலை. ஒழுங்காக முடித்தால் பக்கத்துக் கம்பெனிகளுக்கும் சொல்லிவிடுவதாக எச்.ஆர். பாஸ்கர் சார்.

இன்று, பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் நேரம். பலகையில்:

The meeting yesterday.
The load last week.
The audit this month.

நேற்று நடந்த மீட்டிங். போன வாரம் கிளம்பிய லோடு. தமிழில் நேரத்துக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு வினை வந்து உட்கார வேண்டியிருக்கிறது. ‘நேற்றைய’ என்று ஒரு சொல் உண்டு. ஆனால் அது செய்தித்தாளின் சொல், இந்தக் கேன்டீனில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. இங்கிலீஷில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். நடுவே யாரும் இல்லை.

கோமதி கை தூக்கினாள். எளாவூர்ப் பெண். பேக்கிங் டேபிள். என் வயதுதான் இருக்கும்.

“‘நடந்த’ எங்க மிஸ்?”

“இங்கிலீஷ்ல அது வேண்டியதில்ல.”

“அப்ப நடந்துச்சா இல்லியான்னு எப்டி தெரியும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும். சிரித்துவிட்டுப் பயிற்சிக்குப் போனேன்.

பயிற்சி: ஆளுக்கு ஐந்து வாக்கியம். நிபந்தனை ஒன்று. இந்தக் கம்பெனியில் உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும். கற்பனை கூடாது. நானே சொன்னேன், இரண்டு முறை.

தனம் அக்கா, லைன் லீடர், பழவேற்காடு: “மிஸ், ‘The sambar yesterday’ போடலாமா?”

“போடலாம். சாம்பாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல மிஸ். பேரு மட்டும் தான் சாம்பாரு. மத்ததெல்லாம் தண்ணி.”

உள்ளேயிருந்து சமையல்காரர்: “எம்மா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.”

நல்ல வகுப்பு.


செப்டம்பர் 3, புதன்

வீடு. மோட்டார் ரிப்பேர், தண்ணீர் இல்லை. சாயங்காலம் ஒன்பது நோட்டுகளும் திருத்தி முடித்தேன். சில, மறக்காமல் இருக்க:

The sambar yesterday was only water. (தனம். தப்பே இல்லை.)
The van in this morning came no horn.
The load last week is going late.
The smell in last Tuesday burn my eyes.
The smell last Tuesday made vomit one sister.
The gas smell on Sunday I told engineer.

‘in’ எல்லாவற்றையும் அடித்தேன். எல்லோருக்கும் அந்த in மீது ஏனோ ஒரு பிடிப்பு. burn, burned. ‘I told engineer’ என்பதை ‘I told the engineer about the gas smell’ என்று மாற்றி, ஓரத்தில் Good.

நாலு நோட்டில் அதே செவ்வாய், அதே வாசனை. நாலு பேரும் ஒரே வரிசையில் உட்காருகிறவர்கள். மீன் கம்பெனியில் வாசனைக்கா பஞ்சம் என்று சிரிப்பு வந்தது. நாலில் கோமதி கையெழுத்துதான் அழகு, அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எழுதியிருக்க வேண்டும். அல்லது அவள் அவர்களைப் பார்த்து. அவள் நோட்டில் சிவப்பு மையில்: Do not copy. Write your own. கீழே என் கையெழுத்து, தேதி.

அம்மா: “நோட்டப் பாத்து நீயே சிரிச்சுக்கற. டீச்சர் வேல புடிச்சுப் போச்சுபோல.”

புடிச்சுத்தான் போச்சு.


செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம் என்பதே நினைவில்லை. மேசையில் ஜிகினாத் தாள் சுற்றி ஒரு பேனா. தனம் அக்கா கொடுத்தார். “எங்களுக்கு சொல்லிக் குடுக்கன்னு வந்த மொத ஆளு நீங்க தான் மிஸ். மத்தவங்கள்லாம் கத்தத்தான் வருவாங்க.”

பிறகு நோட்டுகளைக் கொடுத்தேன்.

இனி நடந்ததை இங்கே அப்படியே எழுத வேண்டும்.

கோமதி சிவப்பு வரியைப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பவில்லை.

“நான் காப்பி அடிக்கல மிஸ்.”

“நாலு பேருக்கும் ஒரே நாள், ஒரே வாசனையா? நாலு பேருக்கும் சேத்து ஒரே மூக்கா?”

விளையாட்டாகத்தான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

“ஒரே டேபிள்ல தானே மிஸ் நிக்கறோம்.”

கடைசி பெஞ்சிலிருந்து சங்கர், வகுப்பின் ஒரே ஆண், கம்ப்ரசர் ரூம் ஆபரேட்டர்: “அது மீன் நாத்தம் இல்ல மேடம். அமோனியா. ஃப்ரீசர குளிராக்கற கேஸு. மூணாம் நம்பர் ஃப்ரீசர் வால்வுல கசியுது. நெடி. கண்ண தெறக்க முடியாது.”

“இன்ஜினியருக்கு...”

“சொன்னேனே. எழுதியும் குடுத்தேனே, உங்ககிட்ட. ‘குட்’டு போட்டு இருந்தீங்க.”

குத்திக்காட்டவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சும்மா சொன்னார்.

புகார் ரிஜிஸ்டர் இருக்கிறதே, அதில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். என் முட்டாள்தனம் அது. தனம் அக்கா கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மே மாசம் ஒருத்தி எழுதுனா மிஸ். அவள யாரும் திட்டல, கூப்புடல, ஒரு வார்த்த கேக்கல. அடுத்த திங்கக்கெழம கம்பெனி வேன் அவ ஸ்டாப்புல நிக்காம போயிடுச்சு. அவ்ளோ தான்.”

“நிக்கலன்னா?”

“நிக்கலன்னா வேல இல்லன்னு அர்த்தம். கான்ட்ராக்ட்டுல கீறவங்களுக்கு அது தான் லெட்டரு.”

“அப்ப என் நோட்டுல மட்டும் ஏன் எழுதுனீங்க?”

கோமதி: “உண்மையா நடந்தத எழுதுன்னு நீங்க தானே சொன்னீங்க. அதுவும் இங்கிலீஷ்ல. எவன் படிக்கப் போறான்னு நெனச்சோம்.”

படித்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். in-ஐ அடித்தேன்.


செப்டம்பர் 6, சனி

வெயில். தலைவலி. எதுவும் செய்யவில்லை.

போன மாதம் 26, செவ்வாய். என் முதல் வகுப்பும் அன்றுதான். எல்லோர் கண்களும் சிவந்திருந்தன. ஒருத்தி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். காலை ஷிஃப்ட், தூக்கம் என்று நினைத்தேன். அன்றைய என் குறிப்பில் ‘களைப்பான முகங்கள், ஆனால் ஆர்வம் உண்டு’ என்று இருக்கிறது. அந்த வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். விட்டுவிட்டேன்.

பாஸ்கர் சாரிடம் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல். பொதுவாக. சொல்ல முடியும் என்றுதான் தோன்றுகிறது.

அம்மா இரண்டு முறை கேட்டார், என்ன என்று. மோட்டார் பற்றிப் பேசினேன்.


செப்டம்பர் 9, செவ்வாய்

தூறல். வகுப்புக்கு முன்னால் பாஸ்கர் சார் அறை. ஏ.சி. குளிர். டீ வரவழைத்தார். மிக மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தான் உட்காருவார்.

சொன்னேன். ஃப்ரீசர் பக்கம் நெடி அடிப்பதாக வகுப்பில் பேச்சு வந்தது, கண் எரிகிறதாம், ஒருவர் வாந்தி எடுத்தாராம்.

“நல்ல வேளை சொன்னீங்க. எங்க கவனத்துல இருக்கு. Review tomorrow. Shutdown next week. Safety training after the audit.”

என் பாடம் அப்படியே. பொருள், அதன் பின்னால் நேரம். யார் பார்ப்பார், யார் நிறுத்துவார், யார் பூட்டைத் திறந்து வால்வைக் கழற்றுவார். அவர் சொன்னவற்றில் ஓர் ஆள்கூட இல்லை. கேட்கும்போது திருப்தியாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது, திருப்தியாக இருந்தது.

“யார் சொன்னாங்க?”

“பொதுவா பேசிக்கிட்டாங்க சார்.”

“புரியுது, புரியுது. இறால் உரிக்கற பீலிங் ஹால்லயா, பேக்கிங்லயா? இடம் தெரிஞ்சா சரி பண்ண வசதி.”

“பேக்கிங்.”

வாயிலிருந்து வந்துவிட்டது. சரி பண்ண வசதி என்றாரே.

எழுந்திருக்கும்போது: “பசங்க எழுதுற நோட்டெல்லாம் எங்க இருக்கு மேடம்?”

“திருத்தறதுக்கு இன்னைக்கு வாங்கிட்டுப் போறேன் சார்.”

“வெள்ளிக்கிழமை கொண்டு வந்து என்கிட்ட குடுத்துடுங்க. ட்ரெய்னிங் ரெக்கார்டு. ஆடிட்டுக்கு முன்னாடி ஃபைல் பண்ணணும்.”

வகுப்பில் நோட்டுகளை வாங்கினேன். கொடுத்தார்கள். ஒன்பது நோட்டு, நாற்பது பக்கம், அட்டையில் பெயர், துறை, வேன் ரூட் நம்பர். இதையெல்லாம் அழகாக எழுதச் சொன்னதும் நான்தான், முதல் வகுப்பில்.


செப்டம்பர் 10, புதன்

காலை 7.10. கோமதி போன்.

“மிஸ், வேன் நிக்கல.”

“லேட்டா இருக்கும்.”

“லேட்டு இல்ல மிஸ். என்னப் பாத்துக்கினே போனான். டிரைவரு அண்ணன் தலைய குனிஞ்சிக்கினாரு.”

மூன்றாம் நம்பர் அருகே பேக்கிங் டேபிளில் நிற்பவர்கள் நாலு பேர். மூவர் நிரந்தரம். கான்ட்ராக்ட் ஒருத்தி. நான் ‘பேக்கிங்’ என்றேன். அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

“நீங்க சொன்னீங்களா மிஸ்?”

“உன் பேரு சொல்லல.”

“ம்.”

பின்னால் லாரிச் சத்தம். ஹைவே ஓரத்தில் நின்றே பேசியிருக்கிறாள்.

“ஆடிட்டு முடிஞ்சா ரோல்ல பர்மனெண்டா எடுத்துக்கறோம்னு சொல்லிக்கினு இருந்தாங்க மிஸ். நாலு வருசமா கான்ட்ராக்ட்டு.”

வைத்துவிட்டாள்.


செப்டம்பர் 11, வியாழன்

மழை, நின்று நின்று.

நாளை நோட்டுகளைக் கொடுக்க வேண்டும். என்ன செய்யலாம்:

1. கொடுப்பது. மற்ற மூவர், சங்கர். அவர்களையும் ஒவ்வொருவராக அனுப்புவார்கள்.
2. ரயிலில் தொலைந்தது என்பது. நம்ப மாட்டார். நம்பாவிட்டாலும் நோட்டு இல்லை.
3. பக்கங்களைக் கிழிப்பது. கிழித்தால் அந்தத் தாளின் மறுபாதியும் கழன்று வரும். பார்த்தவுடன் தெரியும்.
4. புது நோட்டில் எல்லோரையும் திரும்ப எழுத வைப்பது. சாம்பார் பற்றி மட்டும்.

கடைசி மூன்றிலும் ஒரு விஷயம் பொது. என் சிவப்பு மை காணாமல் போகும். 2, 3, 4 எனக்கு ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்று யோசித்தபோது வந்த பதில் இது. எழுதி வைக்கிறேன்.

தனம் அக்கா போன்: “கிழிச்சிப் போட்டுடு மிஸ். பேஜாரு வேணாம். கோமதி ஒருத்தியோட போவட்டும். இன்னும் மூணு ஊட்ல அடுப்பு எரியணும்.”

அரை மணி கழித்து சங்கர்: “கிழிக்காதீங்க மேடம். இன்ஜினியர்கிட்ட நான் வாயால தான் சொன்னேன். எழுத்துல இருக்கறது அந்த நோட்டு மட்டும் தான். தேதியோட. உங்க கையெழுத்தோட. வால்வுல ஈரச் சாக்கு சுத்தி வச்சிருக்கேன். தண்ணி அந்த கேஸ கொஞ்சம் உறிஞ்சிக்கும். ரெண்டு மணிக்கு ஒரு தபா நனைக்கணும். நான் லீவு போட்டா யார் நனைப்பாங்கன்னு தெரியல. நாலு மாசமா லீவே போடல.”

நாலு மாதம். அதற்குள் எத்தனை செவ்வாய்.

இரண்டு பேரும் சரி. இரண்டு பேரும் என்னைத்தான் கேட்கிறார்கள்.


செப்டம்பர் 12, வெள்ளி

மேகமூட்டம். ஷேர் ஆட்டோவில் சில்லறை கீழே விழுந்தது.

கொண்டு வரச் சொன்னார், கொண்டு போனேன். ஆனால் முதலில் வகுப்பு. 2.30க்கு கேன்டீன் மேசையில் எட்டு நோட்டுகளையும் வைத்தேன். கோமதியுடையது பையிலேயே.

“உங்க நோட்டு. உங்ககிட்டயே இருக்கட்டும். 3.30க்கு சார் வந்து கேப்பார்.”

முதலில் தனம் அக்கா தன் நோட்டை எடுத்தார். சுருட்டினார். வலது காலின் ரப்பர் கம்பூட்ஸுக்குள் செருகினார். பிறகு எல்லோரும். பாடமே நடக்காமல் ஏழு பெண்களும் ஓர் ஆணும் பூட்ஸுக்குள் நோட்டு வைக்கும் காட்சி. ஒருத்தி: “எனக்கு உள்ள போக எடமில்ல, ரெண்டு சாக்ஸ் போட்டு இருக்கேன்.” தனம்: “ஒண்ண கழட்டுடி. காலா முக்கியம்?”

3.30. பாஸ்கர் சார் வாசலில்.

“நோட்ஸ் மேடம்?”

“அவங்களுடையது சார். அவங்ககிட்டயே குடுத்துட்டேன்.”

முகம் மாறவில்லை. பெண்களைப் பார்த்தார். “எங்கம்மா நோட்டு?”

தனம் அக்கா: “எந்த நோட்டு சார்?”

“எழுதுற நோட்டு.”

“நாங்க எங்க சார் எழுதறோம். பலகைய பாத்து கத்தறோம். கோழி மாதிரி.”

எழுந்து வரிசையாகப் போனார்கள். மரியாதையாக, முதுகு நேராக, வலது காலை மடக்காமல். எட்டு பேருக்கும் ஒரே நாளில் ஒரே கால் வலி. சிரிப்பை மறைக்கப் பலகையைத் துடைத்தேன்.

அவர் கடைசி ஆள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மெதுவாக: “நீங்க படிச்சவங்க மேடம்.”

கதவைப் பிடித்து எனக்கு வழி விட்டார்.


செப்டம்பர் 13, சனி

எளாவூர். கோமதி வீடு. ஸ்டேஷனிலிருந்து கேட்டுக் கேட்டுப் போனேன். செக்போஸ்டைத் தாண்ட நிற்கும் லாரிகளின் வரிசை, நடுவில் புகுந்து நடக்க வேண்டும். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம் தயார் செய்தேன். வீட்டைப் பார்த்ததும் மறந்துபோனது.

அவள் அப்பா வாசலில் நெல் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். “நைனா, எங்க மிஸ்ஸு” என்றாள். அவர் எழுந்து நாற்காலியைத் துடைத்தார். துடைத்துவிட்டு, “வேல எப்ப மறுபடி குடுப்பாங்கோ?” என்றார். நான் கம்பெனி அனுப்பிய ஆள் என்று நினைத்துவிட்டார். கோமதி அவரை உள்ளே அனுப்பினாள்.

நோட்டைக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். வாசனை வாக்கியத்தின் பக்கத்தைத் திறந்து சிவப்பு வரியைப் பார்த்தாள்.

“இத படிச்சப்ப தான் அழுகையே வந்துச்சு மிஸ். வேன் நிக்காததுக்குக் கூட வரல. பள்ளிக்கூடத்துலயும் இதே தான் சொல்வாங்க. எம்மா எழுத்து நல்லா கீது, எவளப் பாத்து எழுதுனன்னு.”

எனக்கு இது தேவைதான்.

“ஆடிட்டர் அம்மா உங்கள பாப்பாங்களா மிஸ்?”

“ட்ரெய்னர்னு கூப்பிடுவாங்க.”

நோட்டை என் பக்கம் திரும்பத் தள்ளினாள்.

“அப்ப இத குடுங்க.”

“உன் பேரு இருக்கு.”

“இருக்கட்டும். எனக்கு இன்னா இன்னொரு வேனா நிக்காம போவப் போவுது? மத்த மூணு பேரோட பேர மட்டும் சொல்லாதீங்க. நானும் அன்னிக்கு வரேன். பஸ்சுல. கேட்டுக்கு எதிர்ல டீக்கடையில உக்காந்துக்கறேன். கேட்டா நானே சொல்றேன்.”

“என் எழுத்தும் அதுல இருக்கு, கோமதி.”

“ஆமா மிஸ்,” என்றாள். “அதுவும் இருக்கட்டும்.”


செப்டம்பர் 16, செவ்வாய்

வகுப்பு ரத்து. பாஸ்கர் சாரிடமிருந்து மெசேஜ். ‘19 காலை 10 மணிக்கு வந்தால் போதும், ஆடிட்டர் ட்ரெய்னரைச் சந்திக்க விரும்பலாம். வகுப்புகள் சிறப்பாக நடந்தன என்று கூறினால் போதுமானது.’

நடந்தன. இந்த முறை வினை இருக்கிறது. யார் நடத்தியது என்பதும் தெரியும்.

பக்கத்துக் கம்பெனி சிபாரிசு பற்றி அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அது இனி இல்லை என்று இன்று சொன்னேன். ஏன் என்றார். முதலிலிருந்து சொன்னேன், in-ஐ அடித்தது உட்பட. தோசை கருகும்வரை கேட்டார். கருகியதை என் தட்டிலேயே போட்டார்.


செப்டம்பர் 18, வியாழன்

சங்கர் போன். பேக்கிங்கில் நேற்றிலிருந்து எலுமிச்சை ஸ்பிரே அடிக்கிறார்களாம். மூன்றாம் நம்பர் முன்னால் புது கர்ட்டன். சாக்கை எடுக்கச் சொல்லிவிட்டார்கள், ஆடிட்டில் அசிங்கமாகத் தெரியுமாம். “எடுத்தா நாளைக்கே நெடி ஜாஸ்தியா வரும் மேடம். எடுக்கலன்னா நான் காலி.”

“என்ன பண்ணப் போறீங்க?”

“அவங்க உள்ள வர நேரம் பாத்து எடுப்பேன்.”

வெளியே நல்ல மழை. துணிகளை எடுக்க மறந்துவிட்டேன்.


செப்டம்பர் 19, வெள்ளி

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலை மழை விட்டிருந்தது. 9.40க்கு கேட். எதிர் டீக்கடையில் கோமதி, பச்சைப் புடவை. பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். நானும்.

கான்பரன்ஸ் ரூம். ஆடிட்டர் கொச்சிக்காரர். ஐம்பது இருக்கும், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. பேச்செல்லாம் இங்கிலீஷ், தமிழில் குறிக்கிறேன். பாஸ்கர் சார் அவர் பக்கத்தில். முந்திரி, பிஸ்கட்.

வகுப்புகள் எப்படி நடந்தன என்றார். நன்றாகக் கற்றுக்கொண்டார்கள், நான் சரியாகக் கவனிக்கவில்லை என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

“அவர்கள் எழுதியது ஏதாவது காட்ட முடியுமா?”

பாஸ்கர் சார்: “நோட்டுகள் தொழிலாளர்களிடம் இருக்கின்றன மேடம். அவர்களுக்கே சொந்தம் என்பது எங்கள் கொள்கை.”

என் வாக்கியத்தையே எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரர்.

“ஒன்றுகூட இல்லையா?”

பையைத் திறந்தேன். ஜிப் சிக்கியது. அந்த நேரத்தில் ஜிப் ஏன் சிக்க வேண்டும். பாஸ்கர் சார் மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. திட்டுபவர்போல் இல்லை, கெஞ்சுபவர்போல் இருந்தது. அவருக்கும் மேலே யாரோ இருக்கிறார்கள் என்று அப்போதுதான் முதல்முறையாக யோசித்தேன். ஜிப் திறந்தது.

ஆடிட்டர் பக்கம் பக்கமாகப் படித்தார். வாசனை வந்த பக்கத்தில் நின்றார். கண்ணாடியைப் போட்டார்.

“இந்தச் சிவப்பு யாருடையது?”

“என்னுடையது.”

“ஏன் காப்பி என்று எழுதினீர்கள்?”

“நாலு பேர் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்.”

சிவப்பு வரியை மறுபடி படித்தார்.

“மற்ற மூன்று பேர்?”

“சொல்ல மாட்டேன்.”

“உங்களுக்கு எப்போது தெரியும்?”

“படித்தது மூன்றாம் தேதி. புரிந்தது ஐந்தாம் தேதி. இவரிடம் சொன்னது ஒன்பதாம் தேதி. பத்தாம் தேதி இந்தப் பெண்ணின் ஸ்டாப்பில் வேன் நிற்கவில்லை.”

எழுதிக்கொண்டார். அட்டையைத் திருப்பி, பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். “கோமதி எங்கே?”

பாஸ்கர் சார்: “இன்று லீவு மேடம்.”

“லீவு இல்லை,” என்றேன். “கேட்டுக்கு எதிரில் டீக்கடையில் இருக்கிறார்.”

ஆடிட்டர் பேனாவை மூடினார். “அவர் நின்ற இடத்தை அவரே வந்து காட்டட்டும். எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வேண்டும்.”

“சாப்பாடு ரெடியாகிவிடும் மேடம், முதலில்...”

“பூட்ஸ்.”

கேட்டுக்கு நான்தான் போனேன். கை காட்டினேன். கோமதி டம்ளரை வைத்துவிட்டு, இரண்டு லாரியைப் போகவிட்டு, ரோட்டைக் கடந்தாள். செக்யூரிட்டி அண்ணன் அவளுடைய கம்பெனி கார்டை ஸ்கேனரில் வைத்துப் பார்த்தார். சிவப்பு விளக்கு. விசிட்டர் புத்தகத்தை எடுத்தார்.

“இன்னாமா கோமதி, நீ விசிட்டரா ஆயிட்ட?”

“எழுதுண்ணா.”

பெயர் எழுதினார். ஊர் எழுதினார். நேரம் 11.20 எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

“யாரைப் பாக்க வந்துகீறன்னு போடறது?”

“மூணாம் நம்பர் ஃப்ரீசரன்னு போடுண்ணா.”

போட்டார்.